கொடுக்கலாம், விற்கலாகாது: வீட்டு ஒயினும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்காவில் வயதுவந்த எவரும் தம் வீட்டில் ஒயின் தயாரிக்கலாம். கூட்டாட்சி அரசு அதற்கு வரி கேட்பதில்லை. வயதுவந்தோர் ஒருவரே வாழும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ வாழும் வீட்டுக்கு 200 கேலன் என்பது வரம்பு. தயாரித்ததை விற்கக் கூடாது. அப்படியானால் பக்கத்து வீட்டாருக்கு ஒரு புட்டி கொடுக்கலாமா? கூட்டாட்சி விதி இதற்கு நேர்விடை தரவில்லை. தர வேண்டும் என்பதும், கைம்மாறு கருதாத கொடையை வெளிப்படையாக அனுமதிப்பதே அவ்விதியின் நோக்கத்தோடு பொருந்தும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த மௌனத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய 1919ஆம் ஆண்டின் வோல்ஸ்டெட் சட்டம், வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே தயாரிக்கப்படும் ‘போதை தராத’ பழச்சாறுகளுக்கு 29ஆம் பிரிவில் விலக்களித்தது. போதை எந்த அளவில் தொடங்குகிறது என்பதை அப்பிரிவு சொல்லவில்லை. பால்டிமோரைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் பிலிப் ஹில், வேண்டுமென்றே தம் வீட்டில் ஒயின் தயாரித்து அரசை வழக்குக்கு இழுத்தார். மற்ற மதுவகைகளுக்கான அரை விழுக்காட்டு ஆல்கஹால் வரம்பு இங்கே செல்லாது, அந்தப் பானம் உண்மையில் போதை தருமா என்பதையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. 1924இல் ஜூரிகள் ஹில்லை விடுவித்தனர். வீட்டுக்குள் கிடைத்த இந்தச் சுதந்திரம் வாசலோடு நின்றது. வினிகர் தயாரிக்க அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறெவருக்கும் அந்தச் சாற்றை விற்கவோ ஒப்படைக்கவோ முடியாது. சட்டத்தின் எல்லைக்கோடு அன்று வீட்டுச் சுவராக இருந்தது.

1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் வரிவிலக்கு குடும்பத் தலைவருக்கே உரியதாக இருந்தது. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அதை வயதுவந்த அனைவருக்கும் விரித்தது. இன்றைய விதி, சொந்த உபயோகத்துக்கும் குடும்ப உபயோகத்துக்கும் ஒயினை வீட்டிலிருந்து வெளியே எடுத்துச் செல்லவும், போட்டிகளிலும் சுவைத்தல் நிகழ்ச்சிகளிலும் வைக்கவும் இடமளிக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் விற்பனை கூடாது என்கிறது. எல்லைக்கோடு சுவரிலிருந்து பணத்தை நோக்கி நகர்ந்தது; ஆனால் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

வரம்பின் அளவே கொடைக்குச் சாதகமான சான்று. 200 கேலன் என்பது ஏறத்தாழ 757 லிட்டர். 750 மில்லி புட்டிகளில் ஆயிரத்துக்கு மேல். இருவர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு இரண்டரைப் புட்டிக்கும் அதிகம். இவ்வளவையும் அவ்விருவரே குடித்துத் தீர்ப்பர் என்று எந்தச் சட்டமும் எண்ணியிராது. விருந்தினரும் உறவினரும் நண்பரும் பங்கு கொள்வர் என்ற எதிர்பார்ப்பு அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

விற்பனையை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? வரியிழப்பு என்ற காரணம் தனித்து நிற்காது. 16 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ள சாதாரண ஒயினுக்குக் கூட்டாட்சி வரி கேலனுக்கு 1.07 டாலர், முழு 200 கேலனுக்கும் 214 டாலர்தான். வலுவான காரணம் வேறு: வாங்குபவருக்குத் தயாரித்தவரைத் தெரியாது. எதைச் சேர்த்தார், எப்படிப் பாதுகாத்தார் என்று கேட்க அவருக்கு ஆளில்லை. அதனால்தான் கடை ஒயினில் சல்ஃபைட் மில்லியனில் 10 பங்கோ கூடுதலோ இருந்தால் அதைப் புட்டியில் குறிப்பிட வேண்டியிருக்கிறது. கொடையில் தருபவரும் பெறுபவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். அறிமுகமே அங்கே முகப்புச்சீட்டு.

விதியின் தெளிவின்மை வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. அரசியலமைப்பின் 21ஆம் திருத்தம் மதுவைப் பற்றிய பேரதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்துள்ளது. ஒரேகான் மாநிலத்தில் ‘வீட்டில் அருந்துவதற்கு’ என்ற சட்டச் சொற்களை அதிகாரிகள் இறுக்கமாகப் பொருள்கொண்டதால், 2010இல் மாநிலப் பொருட்காட்சியின் வீட்டு பீர் போட்டி நின்றுபோனது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. பணம் கைமாறாத, எவருக்கும் கேடு விளையாத ஒரு செயல், சொல் போதாமையால் மட்டும் முடங்கியது.

கொடையை அனுமதித்தால் கொடை வேடத்தில் விற்பனை நடக்கும் என்பர். நியாயமான அச்சம்தான். நன்கொடை என்ற பேரில் உண்டியல் வைக்கலாம். நுழைவுச்சீட்டில் விலையை ஏற்றலாம். வேறொரு பொருளை வாங்கினால் புட்டி இலவசம் எனலாம். கூலிக்கு ஈடாகவும் தரலாம். இவை அனைத்திலும் ஒயினுக்கு ஈடாக ஏதோ ஒன்று திரும்பி வருகிறது. அந்தக் கைம்மாறே அளவுகோலாக இருக்கட்டும். அது உள்ள இடத்தில், எந்தப் பெயரிட்டாலும், விற்பனையாகவே கொள்ள வேண்டும். கொடையை மங்கலாக விட்டுவைப்பதால் ஏய்ப்பவர் பிடிபடுவதில்லை. விதிக்கு அஞ்சி நடப்பவரே தயங்குகிறார்.

ஆகவே திருத்தம் சிறியதே போதும். ‘சொந்த, குடும்ப உபயோகம்’ என்பதோடு, ‘கைம்மாறின்றி வயதுவந்தோருக்கு நேரில் தருதல்’ என்பதையும் விதி சேர்த்துக்கொள்ள வேண்டும். கைம்மாறு எது என்பதையும் வரையறுக்க வேண்டும். விற்க விரும்புவோர் உரிமம் பெற்று, வரி செலுத்தி, முகப்புச்சீட்டு ஒட்டி விற்கட்டும். தம் உழைப்பை நண்பரோடு பகிர்வோரைச் சட்டம் சந்தேகத்தில் நிறுத்தலாகாது.