‘ஏலியாஸ்’ என்னும் வினையடையும் கல்வெட்டுத் தமிழின் ‘ஆன’வும்: திருத்தணியை முன்வைத்து

தமிழ்க் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹுல்ச் முதலியோர், இரு பெயர்களை இணைக்கும் ‘ஆன’ என்னும் சொல்லுக்கு ‘ஏலியாஸ்’ என்பதை ஆண்டனர். 1890இல் வெளிவரத் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளின்வழி இம்மரபு நிலைபெற்றது. இவ்விரு சொற்களின் பொருள் வேறுபாட்டையும், அது ஊர்ப்பெயராய்வில் ஏற்படுத்தும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘ஏலியாஸ்’ இலத்தீன் வினையடை. ‘பிற’ எனப் பொருள்படும் ‘அலியுஸ்’ என்பதிலிருந்து தோன்றியது. ‘பிறிதொரு காலத்தில்’ என்பதே அதன் முதற்பொருள். இடைக்கால நீதிமன்ற இலத்தீனில் ‘வேறுவிதமாக அழைக்கப்படும்’ என்னும் தொடரில் பயின்று, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வினையடையாகப் புகுந்தது; பின்னர்ப் பெயர்ச்சொல்லாகவும் வழங்கலாயிற்று. ஆகவே, முன்னது உண்மைப்பெயர், பின்னது மாற்றுப்பெயர் என்னும் குறிப்பு அதனோடு ஒட்டிக்கொண்டது. காவல்துறை ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் வரும் ‘(எ)’ என்னும் குறுக்கமும் இக்குறிப்பையே தாங்குகிறது.

‘ஆன’ என்பதோ ‘ஆ’ என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம். வேற்றுமையை அன்று, ஒருமையையே அது சுட்டுகிறது. ‘கோப்பரகேசரிவன்மரான ஸ்ரீராஜேந்திரசோழதேவர்’ என்பதில் அரியணையேறியபின் பெற்ற பட்டம் முன்னும், மன்னன் பெயர் பின்னும் நிற்கின்றன. ‘ஈழமான மும்முடிசோழமண்டலம்’ என்பதில் பழம்பெயர் முன்னும், சோழர் சூட்டிய பெயர் பின்னும் நிற்கின்றன. எனவே, பெயர்கள் நிற்கும் வரிசையை மட்டும் கொண்டு பழமையையோ முதன்மையையோ துணிதல் இயலாது.

திருத்தணியின் பெயர்கள் இதற்குத் தக்க சான்று. அபராஜிதவர்ம பல்லவன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, நம்பி அப்பி எடுப்பித்த வீரட்டானேசுவரர் கோயில் இங்குள்ளது. அக்காலக் கல்வெட்டு வழக்கில் ஊரின் பெயர் ‘திருத்தணியல்’. ‘தணிகை’ இலக்கிய வழக்கு. ‘செருத்தணி’ என்பது முருகன் போர்ச்சினம் தணிந்த தலம் என்னும் புராண விளக்கத்தை ஏற்ற வடிவம். இம்மூன்றையும் ‘திருத்தணி’ என்பதன் ‘ஏலியாஸ்’ என ஒரே நிரலில் அட்டவணைப்படுத்தினால், காலவளர்ச்சியும் செய்யுள் வழக்கும் தொன்ம விளக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும். இன்று நிலைத்துள்ள வடிவமே மூலம் என்னும் மயக்கமும் தோன்றும்.

ஆதலின், ஆங்கிலப் பெயர்ப்புகளின்வழி ஊர்ப்பெயர்களைத் தொகுப்போர் மூலப் பாடத்தில் உள்ள இணைப்புச்சொல்லையும் உடன் பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அது பயின்ற காலத்தையும் சான்றின் இயல்பையும் தனித்தனியே குறித்தால்தான், ஊரின் பெயர்கள் அதன் வரலாற்றுக்குச் சான்றாகும்.