அந்தப் போர்வை இப்ப எங்க டீச்சர்?



போன தவணை தரம் 8 பிள்ளைகளுடன் வெட்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைத்தோம். சதுரங்களை நேராக அடுக்காமல் 45 பாகை சாய்த்து, முனை மேலே வருமாறு வைத்தோம். சும்மா தைத்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும் என்று ஒரு கதையும் சொன்னேன். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் தப்பியோடுவதற்கு இப்படியான போர்வைகளை வேலியில் தொங்கவிட்டு வழி காட்டினார்களாம். முக்கோணங்கள் பார்க்கும் திசையில் போக வேண்டுமாம். வளைந்து வளைந்து போகும் கோலம் தெரிந்தால் நேர் பாதையில் போகக் கூடாதாம். உங்களில் பலரும் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "அந்தப் போர்வை இப்ப எங்க டீச்சர் இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். தேடத் தேட வெட்கமாகிவிட்டது.

ஹதீஸ் என்றால் முதலில் ஸனதைப் பார்க்கிறோம், யார் யாரிடம் கேட்டார் என்று. இந்தக் கதையின் ஸனத் ஒரேயொரு குடும்பத்தில் போய் நிற்கிறது. சார்ல்ஸ்டன் நகரச் சந்தையில் போர்வை விற்ற ஒஸெல்லா மக்டனியல் வில்லியம்ஸ் என்ற பெண்மணி, தன் குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்று சொன்னதை வைத்து 1999இல் ஒரு புத்தகம் வந்தது. அதன் பிறகுதான் கதை உலகெங்கும் பரவியது. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல நான் யார்? ஆனால் 1930களில் அரசாங்கமே ஆள் அனுப்பி, அடிமையாக வாழ்ந்தவர்கள் 2,000 பேருக்கு மேல் இருத்திவைத்துப் பேசி எழுதிக்கொண்டது. அந்தப் போர்வைக் குறியீடு அதில் இல்லை. பிலடெல்பியாவில் தப்பிவந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு உதவி, அவர்களுடைய கதைகளை எழுதிவைத்து 1872இல் அச்சிட்டவர் வில்லியம் ஸ்டில். அவருடைய புத்தகத்திலும் இல்லை. அந்தக் குறியீட்டோடு தைத்த போர்வை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உண்மையில் தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்? 1838இல் பிரெட்றிக் டக்ளஸ் கப்பல்காரன்போல் உடுத்து, இரவல் பத்திரத்தோடு ரயில் ஏறினார். 1849இல் ஹென்றி பிரவுண் என்பவர் மரப்பெட்டிக்குள் தன்னையே வைத்து ஆணி அடிக்கச் செய்து, ஒரு நாளுக்கும் மேலாகப் பார்சலாகப் பயணித்தார். பெட்டியைத் திறந்தபோது ஸ்டில்லும் அங்கே இருந்தார். இவ்வளவு இருக்க, நான் பிள்ளைகளுக்கு ஒரு விடுகதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சரி, சதுரத்தை ஏன் சாய்க்கிறார்கள்? அதில் இருப்பது கணக்குத்தான். 12 அங்குலச் சதுரத்தைச் சாய்த்தால் முனைக்கு முனை ஏறக்குறைய 17 அங்குலம். நேராக அடுக்கினால் 16 சதுரம் தைத்தும் 48 அங்குலந்தான் வரும். சாய்த்து அடுக்கினால் 13 போதும், 51 அங்குலம் கிடைக்கும். ஓரத்தில் விழும் இடைவெளிக்கு வெறும் முக்கோணத் துணி. சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டும் வேலை மூன்று சதுரத்துக்குக் குறைகிறது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் தைத்த பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேறொரு போர்வை கிடைத்தது. அதற்கு ஸனதும் இருக்கிறது, துணியும் இருக்கிறது. ஹரியட் பவர்ஸ் 1837இல் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு பைபிள் கதைகளை 11 கட்டங்களாகத் துணியில் வெட்டித் தைத்தார். 1886இல் அதை ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார்கள். ஜெனி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது கொடுக்கவில்லை. சில வருடங்களில் கஷ்டம் வந்தது. பத்து டொலர் கேட்டு ஐந்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டமும் என்ன கதை என்று சொன்னதை ஸ்மித் எழுதிவைத்தார்.

அதற்குப் பிறகும் ஹரியட் சில தடவைகள் அந்த வீட்டுக்குப் போய்த் தன் போர்வையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இன்று அது வொஷிங்டன் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. நாளைக்கு முதல் பாடவேளையில் படத்தைக் காட்டப் போகிறேன்.