சொட்டு மருந்தும் வீட்டு வாசலும்: நம் மாவட்டம் தரும் படிப்பினை

 

நாம் மதரஸாவில் ஓதிய நாட்களில், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன தோழர் ஒருவர் தடியூன்றி வருவார். இன்று நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளுள் அத்தகையோர் ஒருவரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இம்மாற்றத்தை மருத்துவர்களின் சாதனையாக மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். பெயர் அறியப்படாத பொதுமக்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதை வரலாறு உணர்த்துகிறது.

1989ஆம் ஆண்டு வரை நம் திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரான வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் 1980களின் தொடக்கத்தில் ஒரு புதிய முறையைக் கையாண்டார். ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு நாளில் அல்லாமல், ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே வேளையில் சொட்டு மருந்து கொடுப்பதே அம்முறை. நோய்க்கிருமி பரவ இடமில்லாமல் செய்வது அதன் நோக்கம். ரோட்டரி சங்கத்தினர் துணை நின்றனர். அதன் பலன் 1983இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆயினும், குறித்த நாளில் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கி வராதிருந்தால் அத்திட்டம் ஏட்டளவில் நின்றிருக்கும்.

அதே மாவட்டத்தில் நோய்களைக் கண்காணிக்க எளியதோர் ஏற்பாடும் உருவானது. குறிப்பிட்ட நோய்களைக் கண்ட மருத்துவர், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், ஓர் அஞ்சலட்டையில் அதை எழுதி அனுப்புவார். எப்பகுதியில் நோய் தலைகாட்டுகிறது என்பது அதனால் விரைவில் தெரியவரும். ஆனால் நோயுற்ற குழந்தையை வீட்டார் மறைத்துவைத்தால் அந்த அட்டையில் எழுத என்ன இருக்கும்? சங்கிலியின் முதல் கண்ணி குடும்பமே.

ஒரே நாளில் அனைவருக்கும் மருந்து என்னும் அம்முறை 1995இல் நாடு தழுவிய இயக்கமாயிற்று. அங்கேதான் நம் சமுதாயத்திற்குச் சோதனை வந்தது. சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் குடியிருப்புகளில் பரவியது. பல கதவுகள் மூடப்பட்டன. 2002இல் இந்தியாவில் சுமார் 1,600 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் அம்மாநிலத்தவர். முஸ்லிம் குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

கதவுகளைத் திறக்கச் செய்ததும் அச்சமுதாயத்தினரே. உலமாக்கள் விளக்கமளித்தனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிப்புகள் ஒலித்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தினர் துணை நின்றனர். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகச் சென்று பேசினர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதே நாட்டின் கடைசி நேர்வு. 2014 மார்ச் 27 அன்று, போலியோ அற்ற பகுதி என்ற சான்று நாம் வாழும் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்திற்குக் கிடைத்தது.

அது வடநாட்டுக் கதை என்று நாம் ஒதுங்க இயலாது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சினர். நம்மிடமும் சிலர் வந்து கேட்டனர். 'உங்கள் விருப்பம்' என்று கூறி நாம் நழுவினோம். செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்னும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நாமே விசாரிக்கவில்லை. ஒரு மருத்துவரைக் கேட்க அரை மணி நேரம் போதுமாயிருந்தது. அந்த மௌனத்திற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கோருகிறோம்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கு காயமுற்றோரைப் பராமரித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. தமக்குத் தெரிந்த பணியை இறைப்பொருத்தம் நாடி அவர் செய்தார்.

நமக்கும் அத்தகைய பணிகள் உண்டு. தடுப்பூசி முகாம் நாளை ஜும்ஆவில் அறிவிக்கலாம். மஹல்லாவிற்கு வரும் செவிலியருடன் நம் வீட்டுப் பெண்கள் இருவர் துணை செல்லலாம். வதந்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்புமுன் மருத்துவரைக் கேட்கலாம்.

நம் பிள்ளைகளின் ஆரோக்கியம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.