கொள்ளைநோயும் குருத்துவப் பணியும்

கி.பி. 1347ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சிசிலியின் மெசினா துறைமுகத்தை அடைந்த கொள்ளைநோய், 1348இல் இங்கிலாந்திலும் பரவியது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினரேனும் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. நோயாளிகளை நாடிச் சென்ற குருமாரும் பெருந்தொகையாய் மடிந்தனர். பாத்-வெல்ஸ் திருமண்டலத்தில் சபைக் குருமாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர்.

1349 ஜனவரியில் அத்திருமண்டலப் பேராயர் ரால்ஃப் ஒரு சுற்றுமடல் விடுத்தார். குருவானவர் கிடைக்காதவிடத்து மரணத் தறுவாயிலுள்ளோர் சபையாரில் ஒருவரிடம் பாவ அறிக்கை செய்யலாம். ஆண்மகன் இல்லையெனில் பெண்ணிடமும் செய்யலாம். திருவிருந்தை உதவிக்குரு அளிக்கலாம். எண்ணெய்ப்பூசுதலுக்கு வழியில்லையெனில் விசுவாசமே போதும் என்றார்.

இது புதிய உபதேசமன்று. அவசர வேளையில் இவ்வாறு அறிக்கையிடுவதை முன்னைய இறையியலாரும் ஏற்றிருந்தனர். ஆயினும், ஏடுகளில் கிடந்த விதிவிலக்கு இப்பொழுது ஊர்தோறும் அறிவிக்கப்பட்டது.

நோய் தணிந்தபின் குருமாருக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. பலர் மிகுந்த ஊதியம் கோரினர். 1350இல் கான்டர்பரிப் பேராயர் சைமன் இஸ்லிப் அதற்கு வரம்பு விதித்தார். அதே ஆண்டில் நாரிச் பேராயர் பேட்மன், குருமாரின் குறையை நிரப்பக் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹால் கல்லூரியை நிறுவினார். சபையாருக்கு அளித்த சலுகையோ நிலையான வழக்கமாகவில்லை.

கொள்ளைநோயே 1517இன் சீர்திருத்தத்தைப் பிறப்பித்தது என்று நாம் துணிந்து கூறோம். எனினும், மரிப்போர் அருகில் அமர்ந்து செவிகொடுக்கும் பணியைத் திருச்சபை இக்கட்டில் மட்டுமே சபையாரிடம் ஒப்படைத்ததைக் காண்கிறோம். அமைதிக் காலத்திலேயே அப்பணிக்கு அவர்களைப் பயிற்றுவிப்பது நம் கடமையன்றோ?