ரோட்டரியின் பன்னாட்டுப் பணி

சிகாகோவில் 1905இல் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் தொடங்கிய தொண்டமைப்பு ரோட்டரி. சென்னைக்கு 1929இல் வந்தது. திருவண்ணாமலையிலும் சங்கம் உண்டு. கிரிவலப் பாதையில் அயல்நாட்டார் முகம் புதிதல்ல. பால் பிரண்டனின் 1934ஆம் ஆண்டு நூல் இவ்வூரில் வாழ்ந்த ரமண மகரிஷியை மேலைநாடுகளுக்கு அறிமுகப்படுத்தியதிலிருந்தே அவர்கள் வருகிறார்கள். சங்கத்தின் நட்பு வேறு வகை: நட்புப் பரிமாற்றப் பயணத்தில் வருபவர் பெரும்பாலும் உறுப்பினர் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு உண்பார்.

பெரும்பணிகளுக்கு நிதி தருவது ‘குளோபல் கிராண்ட்’. பணி நடக்கும் ஊரின் சங்கமும் வேறொரு நாட்டுச் சங்கமும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். திட்ட மதிப்பு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர். ஊர்மக்களின் தேவையை முன்னதாகவே ஆராய்ந்திருக்க வேண்டும் என்பதும் விதி. இம்முறையின் உயிர்நாடி இதுவே. தொலைவில் இருப்பவர் நினைத்ததை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட முடியாது.

1985இல் தொடங்கிய போலியோ ஒழிப்புத் திட்டமான போலியோபிளஸ், ரோட்டரியின் பன்னாட்டுப் பணிகளில் தலையாயது. சொட்டுமருந்து முகாம்களில் ரோட்டரி உறுப்பினர்கள் சுகாதாரப் பணியாளர்களுக்குத் துணைநின்றனர். இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டச் சிறுமி. இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதென 2014 மார்ச் 27இல் சான்றளிக்கப்பட்டது.