விண்முகிலும் நம் முன்னோரும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. அமாவாசையை ஒட்டிய ஓரிரவில் வெள்ளிமலைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு, தெருவிளக்குகளுக்கிடையே வாழும் நாம் இழந்துவிட்ட வானம் எத்தகையது என்பது விளங்கும். இதற்கு வடக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானியலறிஞர் வைனு பாப்பு ஆய்வகம் அமைத்ததும் இத்தகைய இருளை நாடியே. அங்கு 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. ஆயினும் நாம் இங்குப் பேசப்போவது பெருங்கருவியைப் பற்றியன்று. நான்கைந்து அங்குலச் சிறு தொலைநோக்கியுடன் மலையேறும் ஆர்வலர் ஒருவர் தேடிக் காணக்கூடிய மங்கிய பொருள் ஒன்றைப் பற்றியே.

வைகாசி மாதத்துப் பின்னிரவில், தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும் வேளையில், வடவானில் வெண்ணீல விண்மீன் ஒன்று சுடர்விடும். மேனாட்டார் அதனை வேகா என்பர். சிறகு மடக்கி இறங்கும் கழுகு என்று பொருள்படும் 'அந்நஸ்ருல் வாகிஃ' என்ற அரபுப் பெயரின் ஈற்றுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. அதனருகே ஷெலியாக், ஸுலஃபாத் என்னும் இரு சிறு மீன்கள் உள்ளன. பின்னது 'ஸுலஹ்ஃபாத்', அதாவது ஆமை. இவ்விரண்டிற்கும் இடையே தொலைநோக்கியைத் திருப்பினால், புகையால் செய்த கணையாழி போன்ற சின்னஞ்சிறு வளையம் தென்படும். 1779இல் பிரெஞ்சு வானியலார் கண்டறிந்த விண்முகில் இது. ஏறத்தாழ 2500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

இவ்வகை முகில்கள் சிறு தொலைநோக்கியில் கோள்களைப் போல் வட்டமாகத் தோன்றியமையால் வில்லியம் ஹெர்ஷல் இவற்றைக் கோள் நெபுலாக்கள் என்றார். பெயர் நிலைத்தது, பொருளோ பொருந்தவில்லை. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் அவற்றுள் ஒன்றின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்து, அது ஒளிரும் வாயுவே என நிறுவினார். முதுமையுற்ற விண்மீன் தன் மேலுறைகளை வெளியே தள்ளிவிட, எஞ்சிய சூடான நடுப்பகுதியின் ஒளியால் அவ்வாயு மிளிர்கிறது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் நம் கதிரவனும் முதுமையுற்றுத் தன் மேலுறைகளை இழக்கும்.

இவற்றுள் மிக மங்கியவற்றைக் காண ஒரு முறை உண்டு. அரைமணி நேரம் இருளில் கண்ணைப் பழக்க வேண்டும். பின்னர்ப் பொருளை நேரே நோக்காது, பார்வையைச் சற்றே ஒதுக்க வேண்டும். மங்கிய ஒளியை உணரும் நுண்ணுறுப்புகள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலுமே உள்ளன. வலிய ஒளி மெலிந்த ஒளியை மறைக்கும் என்பதை இப்னுல் ஹைஸம் பதினோராம் நூற்றாண்டிலேயே தம் ஒளிநூலில் ஆராய்ந்துள்ளார்.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'இவை யாவும் நம்மவர் அன்றே கண்டவை' என மேடைகளில் முழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு முழங்கியவரே. அது உண்மையன்று. தொலைநோக்கி தோன்றியது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பத்தாம் நூற்றாண்டினரான அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இவ்வளையத்தைக் கண்டிலர். வெறுங்கண்ணால் காணவும் இயலாது.

அவர் செய்த பணி வேறு. தாலமியின் விண்மீன் பட்டியலை அவர் அப்படியே படியெடுக்கவில்லை. ஒவ்வொரு மீனின் ஒளியளவையும் தம் கண்ணால் மதிப்பிட்டுத் திருத்தினார். 964 வாக்கில் அவர் எழுதிய நூலில், நாற்பத்தெட்டு மண்டலங்களும் வானில் காண்பது போலவும் வான்கோளத்தில் வரைவது போலவும் இருமுறை வரையப்பட்டுள்ளன. ஆந்திரோமெடா மண்டலத்தருகே கண்ட மங்கலை 'லத்கா ஸஹாபிய்யா', அதாவது மேகத் தீற்றல், எனக் குறித்தார். அது கோடானுகோடி விண்மீன்கள் கொண்ட தனிப் பேரண்டத் தீவு என்பது 1920களில்தான் உறுதியாயிற்று. அஸ்ஸூஃபியோ தம் கண்ணுக்குத் தென்பட்டதைத் தென்பட்டவாறே எழுதி வைத்தார். அவர் விட்டுச்சென்ற உண்மையான செல்வம் இந்த நேர்மையே. இல்லாத புகழை ஏற்றினால் இதுவும் மங்கிவிடும்.

வானத்தை நோக்குமாறு திருமறை பன்முறை அழைக்கிறது. ரமலான் பிறை காண நம் வீட்டார் அனைவரும் மொட்டைமாடிக்கு ஏறுகிறோம். பிறை கண்டதும் இறங்கிவிடுகிறோம். இனிப் பிள்ளைகளை இன்னும் சிறிது நேரம் அங்கு நிறுத்தி, விண்மீன்களின் அரபுப் பெயர்களையும் பொருளையும் சொல்லிக் கொடுப்போம். வாய்ப்புள்ளோர் மலைக்கும் அழைத்துச் செல்க. பெயரளவில் பெருமை பேசும் தலைமுறையாக அவர்களை விட்டுவிடாமல், தாமே கண்டு எழுதும் தலைமுறையாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!