தேநீருக்குப் பிறகு பார்க்கலாம்

மாங்கேணிக்காரருக்குத் தொழிற்சாலை என்றதும் தெற்கே வாழைச்சேனைக் காகித ஆலையே நினைவுக்கு வரும். வைக்கோலைக் கூழாக்கவும் இரசாயனம் வேண்டும்; அதைக் கையாளப் பழகிய கைகளும் வேண்டும். அந்தப் பழக்கும் செலவைக் குறைத்துக்கொண்ட ஓர் ஆலையின் கதை போபாலுடையது.

யூனியன் கார்பைட் அங்கே பூச்சிகொல்லி தயாரித்தது. தொடக்கத்தில் தொழிலாளர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றனர். நட்டம் வந்ததும் அது வாரக்கணக்காகச் சுருங்கியது. மெதைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் என்றிருந்தது 6 பேராயிற்று. கையேடுகளோ ஆங்கிலத்தில். 1981இல் ஒரு தொழிலாளி பொஸ்ஜீன் வாயுவால் இறந்தார். மறு ஆண்டே உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, நகருக்கே ஆபத்தென்று எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. (நம் தொழிலில் இது பழகிப்போன அனுபவம்.)

1984 டிசம்பர் 2 இரவு 610ஆம் தாங்கியில் தண்ணீர் புகுந்தது. எப்படி என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. அழுத்தம் ஏறுவதை மானி காட்டியது. அது ஆபத்தாகத் தோன்றவில்லை. பதினொன்றரை மணியளவில் கண்கள் எரிந்தன. கசிவைத் தேநீருக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டனர். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு முன்பே வாயு பீறிட்டது. சுமார் 40 தொன். குளிரூட்டும் இயந்திரம் ஜூனிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரமும் பழுதுபார்ப்பில். அந்தத் தொழிலாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறு கசிவுகள் அங்கே வழக்கமானவை. சொல்லிக்கொடுக்காததை அவர்கள் எப்படி அறிவர்?

ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இந்தியா 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. 1992இல் அமெரிக்கா கொணர்ந்த விதி, அபாய இரசாயன ஆலைகளில் தொடக்கப் பயிற்சியோடு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுபயிற்சியையும் கட்டாயமாக்கியது.